வலி மாத்திரை செய்தியில பாதி தான் போட்டீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பாலக்கோட்டுல மெடிக்கல் வச்சிருக்கேன். ஸ்காட்லாந்துல ஒரு அம்மாவுக்கு வலியே தெரியாதாம், அவங்க உடம்புல ஒரு நொதி சரியா வேலை செய்யாதது தான் காரணமாம், அதை அடைக்கிற மாத்திரை வந்தா மூட்டுவலி போயிடும்னு போன வாரம் போட்டிருந்தீங்கல்ல, அத கத்திரிச்சு சுருக்குப்பையில வச்சுக்கிட்டு தக்காளி மண்டில தரம் பிரிக்கிற ஒரு அம்மா வந்து நிக்கிது, "இந்த மாத்திரை ஒரு அட்டை குடு கண்ணு"ன்னு.

அந்த நொதி பேரு ஃபா. நம்ம உடம்பே வலிய அடக்க அனந்தமைடுன்னு ஒரு கொழுப்புப் பொருள தயாரிக்குது, 1992ல ஜெருசலேம்ல கண்டுபிடிச்சு நம்ம 'ஆனந்தம்'ங்கற வார்த்தையிலேர்ந்து தான் பேரே வச்சாங்க. ஃபா வந்து அத ஒடனே ஒடனே ஒடச்சு போட்டுடும். அப்ப ஃபாவ அடைச்சா வலி கொறையணும்ல? அப்படி நெனச்சு தான் ஃபைசர் கம்பெனி அத அடைக்கிற ஒரு மருந்த முழங்கால் தேய்மானக்காரங்களுக்கு குடுத்து பாத்துச்சு. நொதி நல்லாவே அடைபட்டுச்சு, அனந்தமைடும் ஏறுச்சு, ஆனா வலி மட்டும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள விட கொறையல, 2012லயே ரிசல்ட் வந்துருச்சு. 2016 ஜனவரில ஃபிரான்ஸ்ல ரென் ஊர்ல ஃபாவ அடைக்கிற வேற கம்பெனி மருந்த சோதிச்சப்ப ஆறு பேர் ஆஸ்பத்திரில சேந்து ஒருத்தர் செத்தே போனாரு. அந்த மருந்து மத்த கொழுப்பு நொதிகளையும் சேத்து அடைக்குதுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. இதுல ஒரு வரி கூட உங்க செய்தில இல்லீங்க, நாலு வரி சேத்தா எடம் பத்தாதா?

இன்னொரு வேடிக்கை இருக்கு. நாங்க தெனம் விக்கிற பாரசிட்டமால், ஈரல்ல கொஞ்சம் மாறி மூளைக்கு போனதும் இதே ஃபா தான் அத ஏஎம்404ங்கற வேற பொருளா மாத்துது, வலி கொறையறதுல அதுக்கும் பங்கு இருக்குன்னு எலில பாத்து 2005ல எழுதிருக்காங்க. ஒரு பக்கம் இந்த நொதிய அடைக்கணும்ங்கறாங்க, இன்னொரு பக்கம் அது வேலை செஞ்சா தான் நம்ம மாத்திரையே முழுசா கேக்கும் போல!

மண்டி முடிஞ்சு வர்றவங்க பாதிப்பேரு சீட்டே இல்லாம "டைக்ளோ போட்டு ரெண்டு செட்டு குடு"ங்கறாங்க, அந்த வலி மாத்திரைய இஷ்டத்துக்கு போட்டா கிட்னி போயிடும்னு சொன்னா பக்கத்து கடைக்கு போயிடறாங்க. அவங்க கிட்ட இப்படி ஆசைய காட்டாதீங்க சார்.

அந்தம்மாவுக்கு அந்த மாத்திரை இன்னும் வரலன்னு சொல்லி, டாக்டர பாக்க சொல்லி அனுப்பினேன். கட்டிங்க திரும்ப மடிச்சு சுருக்குப்பையில வச்சுக்கிட்டு, "வந்தா எனக்கு ஒன்னு எடுத்து வையி"ன்னுட்டு போச்சு.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.