அந்த நடைவழியில் எதற்கு இடைவேளை? திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரையரங்கு உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், ஆபரேட்டர் அறையில் இருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் மதுரைக்காரர்கள் ஐந்து பேர். ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், ஒருவர் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார், ஒருவர் வங்கியில் இருக்கிறார், ஒருவர் தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர், ஐந்தாவது ஆள் இந்த மடலை எழுதும் நான். பேய்ப்படமோ அறிவியல் புனைகதைப் படமோ வந்தால் வெள்ளிக்கிழமை இரவுக் காட்சிக்குச் சேர்ந்து போவதும், முடிந்த பிறகு தல்லாகுளத்தில் நின்றுகொண்டே டீ குடித்து, பார்த்த படத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டு வீடு திரும்புவதும் எங்கள் நெடுநாள் வழக்கம். 'டிமான்ட்டி காலனி 2' போதும் என்பார் ஜெராக்ஸ் கடைக்காரர். முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வந்த 'பிரமயுகம்' படத்தைப் பார்த்த பிறகு, கலர் கலராகப் பேய் காட்டுகிறவர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வர வேண்டும் என்பார் வங்கிக்காரர். காற்றில்லாத வெளியில் விண்கலம் இரைச்சலோடு வெடித்தால் இயற்பியல் வாத்தியாருக்கு அன்றைய டீ கசந்துவிடும். இப்படி ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதற்காகவே நாங்கள் படம் பார்க்கிறோம் என்று எங்கள் வீடுகளில் சொல்வதிலும் உண்மை உண்டு.

அந்தப் பேச்சை நீங்கள் எங்களிடமிருந்து பறித்துக்கொண்டீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். கடந்த ஓராண்டுக்கு மேலாக டீக்கடையில் நாங்கள் படத்தைப் பற்றிப் பேசுவதே அரிதாகிவிட்டது. 'இடைவேளையை எந்த இடத்துல விட்டாங்க பார்த்தீங்களா' என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அந்த இடத்திலேயே முடிந்தும் விடுகிறது.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அயல்நாட்டுப் பேய்ப்படம் ஒன்று. இருட்டு வீட்டுக்குள் ஒரு பெண் தன் தாயைக் கூப்பிடுகிறாள். மறுமுனையிலிருந்து தாயின் குரல் பதில் சொல்லத் தொடங்குகிறது. ஒரு வாக்கியத்தின் பாதியில், எழுவாய் வந்து பயனிலை வருவதற்குள், அரங்கில் விளக்கு எரிந்தது. பதினெட்டு நிமிடம் கழித்து அந்த வாக்கியத்தின் மீதிப் பாதி வந்தது. வெளியே வந்து மேலாளரிடம் பணிவாகத்தான் கேட்டோம். 'சிஸ்டம் தானா போடுது சார்' என்றார். அவர் மீது எங்களுக்குக் கோபமில்லை, நல்ல மனிதர். ஆனால் அந்தப் பதிலை ஏற்பதற்கில்லை. ரீல் பெட்டி வந்த காலத்தில், ரீல் முடிகிற இடம், புரொஜெக்டர் சூடு என்று ஆபரேட்டருக்குச் சொல்ல ஆயிரம் காரணங்கள் இருந்தன. இன்று படம் சர்வரில் டிஜிட்டல் கோப்பாக இருக்கிறது. எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்துவது, எப்போது விளக்கைப் போடுவது என்பதையெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து பிளேலிஸ்ட்டில் குறித்தால்தான் சிஸ்டம் அதைச் செய்யும். மொத்த நேரத்தை இரண்டால் வகுத்து, விடை வந்த இடத்தில் கத்தி வைத்தவர் யாரோ, அவர் படத்தைப் பார்க்கவில்லை என்பது மட்டும் எங்களுக்கு உறுதியாகத் தெரிகிறது.

இதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லும்படி முன்பே ஒன்று நடந்தது. 2024 ஆகஸ்டில், கைவிடப்பட்ட விண்வெளி நிலையம் ஒன்றில் இளைஞர்கள் சிலர் சிக்கிக்கொள்ளும் 'ஏலியன்: ரோமுலஸ்' படம் வந்தது. செவிலியர் அக்காவுக்கு இரவுப் பணி மாற்றி வாங்குவது எளிதல்ல. மூன்று பேரிடம் கெஞ்சி, பதிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்திருந்தார். அவரைத் திரையில் எதுவும் பயமுறுத்தியதில்லை. 'தினம் ராத்திரி நான் பாக்காததா' என்பார். அடுத்தவர் அலறும் இடத்தில் கைப்பையில் சீட்டு எங்கே என்று தேடுவார். அந்தப் படத்தில் ஓர் இடம் வருகிறது. முகத்தில் பாய்ந்து பற்றிக்கொள்ளும் நண்டு போன்ற உயிரிகள் நிறைந்த நடைவழி ஒன்றை அந்த இளைஞர்கள் கடந்தாக வேண்டும். அவற்றுக்குச் சத்தமும் உடல் சூடும்தான் அடையாளம் என்பதால், அந்த இடத்தின் வெப்பத்தை மனித உடலின் வெப்பத்துக்கு உயர்த்திவிட்டு, பேச்சில்லாமல், ஓடாமல், பயத்தில் உடம்பு கொதிக்கவும் விடாமல், அடிமேல் அடி வைத்து அவர்கள் நடக்கிறார்கள்.

அரங்கில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து இருக்கைப் பையன் வாயில் போட்ட பாப்கார்னை மெல்லாமல் வைத்திருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா இரண்டு கைகளாலும் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். டிக்கெட்டுக்கும், பார்க்கிங்குக்கும், விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அந்த ஒரு நிமிடம் போதும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நடைவழியின் நட்டநடுவில் நீங்கள் விளக்கைப் போட்டீர்கள்.

திரையில் இடைவேளை என்று எழுத்து வந்தது, பின்னாலேயே ஒரு நகைக்கடை விளம்பரத்தின் நாதஸ்வரம் எழுந்தது, தட்டோடு வந்த தம்பி குனிந்து 'மேடம், காரமா, சீஸா?' என்று அக்காவைக் கேட்டான். அவர் கைப்பிடியை விட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம், சிரிக்காமல் என்ன செய்வது? மறுபடி விளக்கணைந்து அதே நடைவழி வந்தபோது அக்கா கைப்பையில் சீட்டு தேடிக்கொண்டிருந்தார்.

உரிமையாளர்களே, எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடுக்கை உச்சத்துக்குப் போய், சாமி இறங்கி ஆடிக்கொண்டிருக்கிற ஒருவரைத் தோளைத் தட்டி நிறுத்தி, 'ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, மிச்சத்தை அப்புறம் ஆடலாம்' என்று யாராவது சொல்வார்களா? சொன்னால், டீ குடித்து முடித்து மணியடித்ததும் சாமி வந்து நிற்குமா? பயமும் அப்படி இறங்குவதுதான். ஐம்பது நிமிடம் பாடுபட்டு ஓர் இயக்குநர் இறக்கிய ஒன்றை ஒரு விநாடியில் மலையேற்றிவிட்டு, திரும்ப வந்து உட்காருங்கள் என்கிறீர்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கையைத் தெளிவாக வைக்கிறேன். இடைவேளை இல்லாமல் எடுக்கப்பட்ட பேய்ப்படங்களையும் அறிவியல் புனைகதைப் படங்களையும், நாளொன்றுக்கு ஒரு காட்சியிலாவது இடைவேளை இல்லாமல் ஓட்டுங்கள். 'இக்காட்சிக்கு இடைவேளை இல்லை' என்று டிக்கெட்டிலும் முன்பதிவுப் பக்கத்திலும் போட்டுவிடுங்கள். வேண்டியவர்கள் வருவோம். வேண்டாதவர்களுக்கு மீதிக் காட்சிகள் இருக்கின்றன.

நம் படங்களின் இடைவேளையை நாங்கள் குறை சொல்லவில்லை. தமிழில் திரைக்கதையே இடைவேளையை வைத்துத்தான் எழுதப்படுகிறது. 'இன்டர்வெல் பிளாக்' சரியாக அமையவில்லை என்றால் படமே அமையவில்லை என்று பேசுகிற ஊர் இது. எழுதியவர் தானே கதவு வைத்த இடத்தில் வெளியே போய்விட்டு வருவதில் யாருக்கும் வருத்தமில்லை. கதவில்லாத சுவரை இடித்து வழி செய்வதைத்தான் வேண்டாம் என்கிறோம். நம்மவர் ஒருவரே கதவு வைக்காமல் கட்டிப் பார்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 டிசம்பரில் அஸ்வின் சரவணனின் 'கனெக்ட்', நூறு நிமிடத்துக்கும் குறைவான பேய்ப்படம், இடைவேளையே இல்லாமல் வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்பு உங்கள் தரப்பிலிருந்துதான் எழுந்தது. பாட்டில்லாமல் படமா என்று கேட்டிருக்கக்கூடிய 1954இலேயே எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்துக் காட்டினார். ஏழு தலைமுறைக்குப் பேசப்படும் அந்தப் படம் ஓடிய அதே தமிழ்நாட்டில், நூறு நிமிடம் பாப்கார்ன் இல்லாமல் உட்கார முடியாதவர்கள் நாங்கள் என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

கழிப்பறைக்குப் போக வேண்டாமா என்று கேட்பீர்கள். எனக்கே சர்க்கரை உண்டு. மதுரையிலிருந்து திருச்சிக்கு இடைநில்லாப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகிறவன்தான் நான். 'ஏலியன்: ரோமுலஸ்' போன்ற 119 நிமிடப் படத்தைத் தாங்கிவிடுவேன். தாங்க முடியாதபோது இருட்டில் குனிந்தபடி எழுந்து போய் வர எனக்குத் தெரியும். நான் தவறவிட்டதை நண்பர்கள் டீக்கடையில் சொல்வார்கள், பொய்யும் கலந்து. நான் ஒருவன் எழுந்து போவதற்காக முந்நூறு பேருடைய பயத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

புகையிலை எச்சரிக்கையைப் படத்தின் நடுவிலும் காட்டச் சட்ட விதி இருக்கிறதே என்றும் ஒரு நண்பர் எங்களிடமே வாதாடினார். புகையிலைக் காட்சி வருகிற படங்களுக்கு விதி இருக்கிறது, மறுக்கவில்லை. விதி கேட்பது முப்பது விநாடி. நீங்கள் எடுத்துக்கொள்வது பதினெட்டு நிமிடம். இந்த இடத்தில் இயற்பியல் வாத்தியாரின் கணக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் 'இன்டர்ஸ்டெல்லார்' ஐமேக்ஸில் மறுபடி வந்தபோது, அதற்காகவே சென்னைக்குப் பேருந்து ஏறிப் போனவர் அவர். அந்தப் படத்தின் நீர்க்கோளில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டுகள் ஓடிவிடும். அந்தக் கணக்கில் உங்கள் இடைவேளையைப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலே எங்கள் ஆயுளில் ஒன்றே முக்கால் ஆண்டு என்று திரும்பி வந்து கணக்குப் போட்டுக் காட்டினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் அனுப்பிய 23 ஆண்டுச் செய்திகளை ஒரு தகப்பன் ஒரே மூச்சில் பார்த்து அழுகிற அந்தக் கட்டத்தின் ஈரம் காய்வதற்குள் அங்கேயும் விளக்கைப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னபோது சிரிக்கவில்லை.

உங்கள் வருமானத்தின் நியாயம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. டிக்கெட் பணத்தில் விநியோகஸ்தர் பங்கு போய்விடும், கேன்டீன் பணம்தான் உங்கள் கையில் நிற்கும். மின்கட்டணமும் சம்பளமும் அதிலிருந்துதான் வர வேண்டும். வெளி உணவை உள்ளே விடாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தக் குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று எங்கள் ஐவரில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது, அது வேறு விஷயம். விளம்பரமும் அப்படித்தான். குறித்த நேரத்துக்குப் படம் தொடங்கவில்லை, 25 நிமிடம் விளம்பரத்திலேயே போனது என்று பெங்களூரில் ஒருவர் வழக்குப் போட்டு, 2025 பிப்ரவரியில் நுகர்வோர் ஆணையம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நாங்கள் வழக்குப் போடுகிற ஆட்கள் இல்லை. முப்பரிமாணப் படத்தை மங்கலான விளக்கில் ஓட்டி, பேய் வந்ததா போனதா என்று எங்களையே ஊகிக்க வைக்கிறீர்கள், பொறுத்துக்கொண்டோம். பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் வாங்கிய படத்துக்குக் கைக்குழந்தையோடு வந்தவரை உள்ளே விட்டீர்கள், அந்தக் குழந்தை அழுததை இயக்குநர் வைத்த ஒலி என்று நினைத்து அரைநிமிடம் பயந்தும் போனோம். சமோசாவின் விலையைப் பற்றி நான் பேசவே மாட்டேன். பேய்ப்படத்தை விட அது என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். நாளொன்றுக்கு ஒரு காட்சி, இடைவேளை இல்லாமல்.

விற்பனை குறையும் என்ற உங்கள் அச்சத்துக்கு ஒரு பழைய கதை. 1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் நிபந்தனை போட்டார். நினைத்த நேரத்தில் உள்ளே நுழைந்து பாதியிலிருந்து படம் பார்ப்பது அமெரிக்காவில் அன்று சாதாரண வழக்கம் என்பதால், கூட்டம் போய்விடும் என்று அங்கே அரங்கு நடத்தியவர்கள் அஞ்சினார்கள். மாறாக, வாசலில் வரிசை கட்டி நின்றார்கள் மக்கள். கட்டுப்பாடே விளம்பரமானது. நம்மூரில் 'இடைவேளை இல்லாக் காட்சி, இதயம் பலவீனமானவர்கள் வர வேண்டாம்' என்று ஒரு தட்டி வைத்துப் பாருங்கள்; எங்கள் ஜெராக்ஸ் கடைக்காரர் தட்டியை இலவசமாகவே அச்சடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சிக்குப் படத்துக்கு முந்தைய விளம்பர நேரத்தில் தின்பண்டம் விற்றுக்கொள்ளுங்கள், முன்பதிவிலேயே சேர்த்து விற்றாலும் வாங்குகிறோம்.

அதுவும் முடியாது என்றால், இடைவேளை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், பிளேலிஸ்ட்டில் நேரம் குறிக்கும் முன் உங்கள் ஆட்களில் ஒருவரைப் படத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். விளக்கணைந்த அரங்கில், தனியாக. எங்கே வெட்டக் கூடாது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த படத்துக்குச் செவிலியர் அக்கா இப்போதே விடுப்பு கேட்டு வைத்திருக்கிறார். அவர் கைப்பிடியை இன்னொரு முறை இறுகப் பிடிப்பதைப் பார்க்க எங்களுக்கு ஆசை. வெள்ளிக்கிழமை இரவுக் காட்சி, வழக்கமான வரிசையில் ஐந்து இருக்கைகள். தட்டோடு வரும் தம்பியைப் படம் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பெரிய வாளியாக இரண்டு வாங்கிக்கொள்கிறோம், ஒன்று காரம், ஒன்று சீஸ்.

இப்படிக்கு,
ஐவர் சார்பாக,
உங்கள் அரங்குகளின் நெடுநாள் வாடிக்கையாளன்,
மதுரை.