பாண்டி பஜாரில் ஒரு பெஞ்சு

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

நம்ம ஊர்க் கடைவீதியைச் சீரமைக்கும் கமிட்டியில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள் என்று வைத்தி சொன்னான். முதலில் சிரித்தேன். கார் நிறுத்த இடம் விட்டால் வியாபாரம் தானாக வரும் என்று நீ பேசியதாகச் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது. அதுதான் இந்த அவசரம்.

போன வாரம் அம்மாவைச் சென்னை தி.நகர் பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போனேன். 2019-ல் அங்கே சாலையைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கியபோது, காரை எங்கே விடுவது என்று நானும்தான் கத்தினேன். அம்மா முதலில் எந்தக் கடைக்குள்ளும் போகவில்லை. மரத்தடிப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் ஒரு முழம் மல்லிகை, பேத்திக்கு வளையல், கடைசியில் எதிர்க்கடையில் ஒரு புடவை! உட்கார இடமில்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் ஆட்டோ பிடித்திருப்போம்.

பக்கத்து ரங்கநாதன் தெருவில் நிழலும் இல்லை, பெஞ்சும் இல்லை, கூட்டத்துக்கு மட்டும் குறைவில்லையே என்பாய். வாஸ்தவம். ஆனால் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் கால் தானாக அதற்குள் போய்விடும். அப்புறம் ரெண்டு எட்டுக்கு ஒரு கடை. பாத்திரம், ஊக்கு, நைட்டி, கொய்யா. நூறடிக்கு ஒரே கண்ணாடிச் சுவராக இருந்தால் எவன் வேடிக்கை பார்ப்பான்? 2023-ல் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறந்தார்கள். என் முட்டிக்கு அது வரம்தான். ஆனால் மேலே நடக்கிறவன் கொய்யா வாங்கமாட்டானே!

பிளாட்பாரக் கடை என்றால் உனக்கு ஆகாது, தெரியும். 2013-ல் பாண்டி பஜார் பிளாட்பாரக் கடைக்காரர்களை மாடிக் கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். ஐம்பது ரூபாய் வளையலுக்கு யாருடா மாடி ஏறுவது? போகிற போக்கில் கண்ணில் பட்டு வாங்குகிற சாமான் அது. நடைபாதையில் பைக்கை ஏற்றி நிறுத்துகிறவர்களைத் துரத்து, வளையல்காரியை விட்டுவிடு.

வேறு எதில் தோற்றாலும் சரி, பிள்ளையார் கோயிலுக்கு எதிரே நிற்கிற இரண்டு புங்கமரத்தை மட்டும் வெட்டவிடாதே. நாம் கடன் சோடா குடித்த நிழல். அந்தக் கணக்கை வைத்தி இன்னும் தீர்க்கவில்லையாம்.

புடவை பார்டர் பிடிக்கவில்லை என்று அம்மா முணுமுணுக்கிறாள். சனிக்கிழமை மாற்றப் போகிறோம். கமிட்டியையும் கூட்டிக்கொண்டு வா, பெஞ்சில் துண்டு போட்டு வைக்கிறேன்.

உன்,
ரகு