வயித்துக்கு ஆப் பண்ற பெங்களூர் ஸ்டார்ட்அப்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. கோரமங்களா, ஹெச்எஸ்ஆர் லேஅவுட், இந்திராநகர்னு உக்காந்து ஹெல்த் ஆப் பண்றீங்களே, உங்க எல்லாருக்கும் பொதுவாத்தான் இத எழுதுறேன், யாரையும் பேர் சொல்லித் திட்டுற ஐடியா இல்ல. எனக்கு ஐபிஎஸ் (IBS, குடல்ல புண்ணு எதுவும் இல்லாமலே அடிக்கடி வயித்து வலி, பேதி, மலச்சிக்கல்னு படுத்துற நோய்) இருக்கு, பல வருஷமா. ஸ்கோப் விட்டுப் பாத்தா எல்லாம் நார்மல்னுதான் ரிப்போர்ட் வரும், ஆனா சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்ல பஸ் நின்னுச்சுன்னா வயிறு முறுக்க ஆரம்பிச்சுரும், அந்த நேரத்துல எந்த பெட்ரோல் பங்க்ல பாத்ரூம் இருக்குன்னு யோசிக்கிறவனுக்குத்தான் இந்த நோயோட அருமை தெரியும்.

வயிறு தினமும் எப்படி இருந்துச்சுன்னு டாக்டர் டைரி எழுதச் சொல்றது சும்மா இல்ல. ஐபிஎஸ்ஸ உறுதி பண்ண தனியா ஒரு ரத்த டெஸ்ட் கிடையாது. 2016ல வந்த ரோம் 4னு ஒரு அளவுகோல் வச்சுத்தான் பாக்குறாங்க: கடைசி 3 மாசத்துல சராசரியா வாரத்துக்கு 1 நாளாவது வயித்து வலி இருக்கணும், அதுகூட மோஷன் போறதுக்கும் வலிக்கும் சம்பந்தம், எத்தனை தடவை போறோம்ங்கிறதுல மாத்தம், மலம் கெட்டியா தண்ணியாங்கிறதுல மாத்தம், இந்த மூணுல ரெண்டாவது இருக்கணும். 3 மாசக் கணக்க எவன் ஞாபகம் வச்சிருப்பான்? டாக்டர் கேக்கும்போது "அது வந்து டாக்டர், சில நாள்..."னு இழுக்குறதுக்குள்ள அடுத்த பேஷண்ட் கதவத் திறந்துர்றாரு. அதனால ஆப் தேவைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நீங்க அத டாக்டர் ரூமுக்காகப் பண்ணல, நாங்க ஃபோன விடாம பாத்துட்டே இருக்கணும்னு பண்ணிருக்கீங்க, அதான் என் புகார்.

நான் போட்டிருந்த ஒரு ஆப்ல "இன்னிக்கு போனீங்களா? உங்க ஸ்ட்ரீக் போயிரும்!"னு (விடாம தொடர்ந்து எத்தனை நாள்ங்கிற கணக்குதான் ஸ்ட்ரீக்) நோட்டிஃபிகேஷன் வரும், அதுவும் லாக் ஸ்க்ரீன்லயே, ஆஃபீஸ் மீட்டிங்ல ஃபோன டேபிள் மேல வச்சிருக்கும்போது. மலச்சிக்கல்ல தவிக்கிறவன்கிட்ட ஸ்ட்ரீக்க காப்பாத்துன்னா அவன் என்னங்க பண்ணுவான்? டென்ஷன் ஆனாலே ஐபிஎஸ் மோசமாகும்னு டாக்டர்கள் எல்லாருமே சொல்றாங்க, நீங்க அந்த டென்ஷனையே ஃபீச்சரா குடுக்குறீங்க.

அப்புறம் அந்த ப்ரிஸ்டல் சார்ட், அதாவது மலம் எப்படி இருக்குன்னு வகை பிரிச்சுக் காட்டுற படம். 7 வகை, 1ன்னா ஆட்டுப்புழுக்கை மாதிரி கெட்டி, 7ன்னா வெறும் தண்ணி, 3-4 நல்லது. எங்க அம்மாக்குக் கூட ஒரு தடவ படத்தக் காட்டுனா புரியுது. அத போய் சிரிக்கிற பொம்மையா, பிங்க் கலர்ல மாத்தி வச்சிருக்கீங்க, 5க்கும் 6க்கும் வித்தியாசம் தெரியல. அசிங்கமா இருந்தாலும் பரவால்ல, ஒரிஜினல் படத்த மாதிரியே போடுங்க.

சாப்பாட்டு லிஸ்ட் பத்தி நிறைய சொல்லணும். பேகல் இருக்கு, கீன்வா இருக்கு, தர்ஷினினு நம்ம ஊரு சின்ன ஹோட்டல்ல நின்னுட்டே சாப்புடுற பிசிபேளேபாத் இல்ல, பொங்கல் இல்ல, சாம்பார்னு தேடுனா ஒரே ஒரு ஐட்டம் வருது. என் வீட்டு சாம்பாரும் ஹோட்டல் சாம்பாரும் ஒண்ணா? இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. வெங்காயம் பூண்டுல ஃப்ரக்டான்னு ஒரு சத்து இருக்கு, எங்க வயித்த ஊத வைக்கிறது அதான், அது தண்ணில கரையும், எண்ணெய்ல கரையாது. அம்மா எனக்காக சின்ன வெங்காயத்த எல்லாம் கரண்டியால ஒதுக்கிட்டு சாம்பார மட்டும் ஊத்துவாங்க, நானும் ஆப்ல "வெங்காயம் இல்ல"ன்னு போடுவேன், ஆனா வெங்காயம் வெந்த தண்ணிலதான எல்லாமே இறங்கியிருக்கு, அடுத்த நாள் வயிறு ஊதி நிக்கும், ஆப் காபி மேல பழி போடும். பூண்ட எண்ணெய்ல தாளிச்சு எடுத்துப் போட்டா பிரச்சனை கம்மி. இந்த மாதிரி சமைக்கிற விதத்தக் கேக்குற ஆப் ஒண்ணு கூட நான் பாக்கல. எங்க சமையல்ல இதான மேட்டரே.

ஃப்ரக்டான் மாதிரி வயித்த ஊத வைக்கிற சத்துகளக் குறைக்கிற ஃபாட்மேப் டயட்ட உருவாக்குனது மெல்போர்ன்ல இருக்குற மோனாஷ் யூனிவர்சிட்டி, அவங்களே ஆப்பும் வச்சிருக்காங்க. கட்டுப்பாடா இருக்குறது 2லேருந்து 6 வாரம்தான், அப்புறம் ஒண்ணொண்ணா திரும்ப சேத்துப் பாக்கணும்னு இருக்கு. நீங்க முதல் பாதிய மட்டும் எடுத்துக்கிட்டு துவரம்பருப்பு, கோதுமை, பால் எல்லாத்தையும் ஆயுசுக்கும் சிவப்புல போட்டு வச்சா நாங்க எத சாப்புடுறது, காத்தயா?

கோவம் வந்த விஷயம் இன்னொண்ணு. ஆஃபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் ஆப்ல "ரத்தம் வந்தது"ன்னு டிக் பண்ணாரு. உடனே வந்தது ப்ரோபயாட்டிக் பாக்கெட்டுக்கு தள்ளுபடி. ரத்தம், தானா எடை குறையுறது, ராத்திரி தூக்கத்துலேருந்து எழுப்புற பேதி, ரத்தசோகை, இதெல்லாம் ஐபிஎஸ்னு தள்ளிவிடக்கூடாத அறிகுறிங்க, குடல் அழற்சி நோயாவோ கேன்சராவோ இருக்கலாம். அந்த டிக் விழுந்தா ஸ்க்ரீன்ல ஒரே வரி போதும்: டாக்டர உடனே பாருங்க. கடைய மூடிருங்க அந்தப் பக்கத்துல.

டேட்டா விஷயம் சுருக்கமா. 2023 டேட்டா பாதுகாப்பு சட்டப்படி சம்மதம் கேக்குற நோட்டீஸ இங்லீஷ்லயோ அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணைல இருக்குற 22 மொழில ஒண்ணுலயோ படிக்க வழி இருக்கணும், தமிழும் கன்னடமும் அதுல இருக்கு. குடுத்த சம்மதத்த திரும்ப வாங்குறதும் குடுத்த அளவுக்கு ஈஸியா இருக்கணும். ஒரு ஓடிபில உள்ள சேத்துட்டு, வெளிய போக மூணு மெயில் போடச் சொல்றது நியாயமே இல்ல. நான் எப்ப பாத்ரூம் போறேன்னு இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரிய வேண்டாம்.

பதிலா என்ன வேணும்னா, கடைசி 3 மாசம் ஒரே பக்கத்துல: வலி வந்த நாள், மோஷன் எந்த வகை, எத்தனை தடவை, என்ன மாத்திரை. ப்ரிண்ட் எடுத்து டாக்டர் டேபிள்ல வைக்கிற மாதிரி. கிராஃப்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

டெஸ்ட் பண்ண ஆள் வேணும்னா நான் வர்றேன், அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன், சாம்பார் பத்தி அவங்களே க்ளாஸ் எடுப்பாங்க. மீட்டிங் ரூம் மட்டும் பாத்ரூம் பக்கத்துல பாத்து போடுங்க.

இப்படிக்கு,
அல்சூர்லேருந்து ஒரு யூசர்