இருபத்தாறு நாளுக்கு ஒரு நோட்டு

மதுரை
நவம்பர் 2026

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். "இந்த வருஷமாவது திருவருகைக் காலத்துல, கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்த நாலு வாரமும் ஒழுங்கா இருக்கணும், என்ன செய்யணும்னு சொல்லும்மா" என்று கேட்டாயே, போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் கடிதம்.

இந்த வருஷம் நவம்பர் 29 ஞாயிறு தொடக்கம். அந்திரேயா திருநாளான நவம்பர் 30ஐ ஒட்டி வரும் ஞாயிறுதான் எப்போதும் முதல் நாள். கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருவதால் 24ஆம் தேதியையும் சேர்த்து நமக்கு 26 நாள் கிடைக்கிறது. சில வருஷம் 22 நாளிலேயே முடிந்துவிடும்.

இந்த 26 நாளும் ஒரே மாதிரியான நாட்கள் கிடையாது. டிசம்பர் 16 வரை ஒரு பாதி, 17லிருந்து 24 வரை இன்னொரு பாதி. முதல் பாதியில் குடிலைப் பற்றிப் பேச்சே இருக்காது. வாசகம், மன்றாட்டு எல்லாம் ஆண்டவர் திரும்ப வருவதையும் நாம் கணக்குக் கொடுப்பதையும் பற்றித்தான். 17க்குப் பிறகுதான் பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. பெரும்பாலோர் முதல் நாளே ஸ்டார் கட்டி, கேக் வெட்டி, பாட்டுப் போட்டு நேராக இரண்டாம் பாதிக்குப் போய்விடுகிறார்கள். கணக்குப் பார்க்கிற வேலை 23ஆம் தேதி ராத்திரிக்குத் தள்ளிப்போகிறது. அன்றைக்குக் கோவிலில் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தன வரிசை வாசல் வரை நிற்கும். ஃபாதர் ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான் கொடுக்க முடியும். நீயும் அவசரத்தில் போன வருஷம் சொன்னதையே சொல்லிவிட்டு வருவாய்.

அதனால் பாவசங்கீர்த்தனத்தை டிசம்பர் 12 சனிக்கிழமைக்குள் முடி. மறுநாள் 13, மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடுப்புப் போட்டுக்கொள்ள அன்றைக்கு குருவானவருக்கு அனுமதி உண்டு. பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனால்தான் அந்த நிறத்துக்கு அர்த்தம் புரியும்.

இனி நோட்டு. கோடு போட்ட சின்ன நோட்டு ஒன்று வாங்கிக்கொள். நான் சொல்லப்போகிற முறை புனித இஞ்ஞாசியார் வகுத்தது. 1606ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நொபிலி சுவாமி, இஞ்ஞாசியார் தொடங்கிய இயேசு சபைக்காரர்தான், அதனால் நம்ம ஊருக்கு இது புதுசு கிடையாது. உன்னிடம் இருக்கிற ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடு. ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து தீர்மானம் எடுப்பவன் இரண்டாம் வாரத்தில் ஐந்தையும் விட்டுவிடுவான். எடுக்கிற குறை எண்ணக்கூடியதாகவும் இருக்கவேண்டும். "இன்னும் நல்லவனாக இருப்பேன்" என்பதை எப்படி எண்ணுவாய்? "கூட வேலை செய்கிறவனைப் பற்றி அவன் இல்லாதபோது குறை பேசுவது", "அப்பா போனில் பேசும்போது வெடுக்கென்று பதில் சொல்வது" என்றால் எண்ணலாம். (இரண்டாவதை உனக்காகத்தான் எழுதியிருக்கிறேன், தெரிந்துகொள்.)

நோட்டில் ஒரு நாளைக்கு இரண்டு கோடு. எழுந்ததும் அந்தக் குறையை நினைத்து, இன்றைக்குக் கவனமாக இருப்பேன் என்று மனதில் சொல்லிக்கொள். பாதி நாள் கழிந்ததும் எத்தனை தடவை தவறினாயோ அத்தனை புள்ளி முதல் கோட்டில். படுக்கப்போகும்போது மீதியை இரண்டாவது கோட்டில் வை. தவறுகிற அந்த நொடியிலேயே நெஞ்சில் கையை வைத்துக்கொள்ளச் சொல்கிறார் இஞ்ஞாசியார். பத்துப் பேர் நடுவில் செய்தாலும் யாருக்கும் தெரியாது. பிறகு முதல் கோட்டை இரண்டாவதோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒத்துப் பார்.

முதல் வாரம் புள்ளி கூடும். பயந்து நோட்டை மூடிவிடாதே. குறை கூடவில்லை, இத்தனை நாள் கண்ணில் படாதது இப்போது படுகிறது, அவ்வளவுதான். ஒரு புள்ளியும் இல்லாமல் ஒரு வாரம் ஓடினால்தான் சந்தேகப்படு. ஒன்று தப்பான குறையைத் தேர்ந்தெடுத்திருப்பாய், இல்லையென்றால் எண்ணவே மறந்திருப்பாய்.

படுக்கும் முன் பத்து நிமிஷ ஆன்ம சோதனை. இரண்டு நிமிஷம் அன்றைக்குக் கிடைத்தவற்றுக்கு நன்றி, ஒரு நிமிஷம் பரிசுத்த ஆவியிடம் வெளிச்சம் கேட்பது, நாலு நிமிஷம் அன்றைய பொழுதை மணி வாரியாகத் திருப்பிப் பார்ப்பது, இரண்டு நிமிஷம் மனஸ்தாபம், அதாவது செய்த தப்புக்கு மனம் வருந்துவது, ஒரு நிமிஷம் நாளைக்கு எப்படி இருப்பது என்று. நன்றியை விட்டுவிட்டு நேரே தப்பைத் தேடப் போனால் மூன்றாம் நாளே சலித்துவிடும். உனக்கு ராத்திரி ஷிப்ட். காலை ஆறு மணிக்கு அறைக்கு வந்து கை கால் கழுவியதும் இதைச் செய். படுக்கையில் சாய்ந்தபடி செய்தால் நன்றி சொல்லும்போதே தூங்கிவிடுவாய், நாற்காலியில் உட்கார்.

ராத்திரி வேலையால் ஜெபம் கெட்டுப்போகிறது என்று வருத்தப்படாதே. முதல் ஞாயிறு நற்செய்தி மாற்கு 13. வீட்டுத் தலைவர் வெளியூர் போகிறார், வாயில் காவலனை விழித்திருக்கச் சொல்கிறார். திரும்பி வருவது மாலையிலா, நள்ளிரவிலா, சேவல் கூவும்போதா, காலையிலா என்று யாருக்கும் தெரியாது. உரோமையர் இரவை நாலு சாமமாகப் பிரித்த கணக்கு அது. அந்த நாலு சாமமும் நீ எப்படியும் விழித்துத்தான் இருக்கிறாய். டீ குடிக்க எழும்போது ஒரு தடவை "வாரும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொள், போதும்.

அந்தப் பத்து நிமிஷமும் மெழுகுவர்த்தி வளையம் எரியட்டும். எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல், அதில் நாலு மெழுகுவர்த்தி, சுற்றி நெட்டிலிங்க இலை. மூன்று ஊதா, ஒன்று ரோஜா. ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றிக்கொண்டே வரவேண்டும். ரோஜாவை 13ஆம் தேதிதான் ஏற்றவேண்டும். நிறம் கிடைக்காவிட்டால் நாலும் வெள்ளையாக இருக்கட்டும், இது வழக்கம்தானே ஒழிய சட்டம் இல்லை. 1839ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால், வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி நட்டு எண்ண வைத்ததிலிருந்து பரவியது. தினம் பத்து நிமிஷம் என்றால் முதல் வர்த்தி 260 நிமிஷம் எரியும், கடைசி வர்த்தி 50 நிமிஷம்தான். ஆகவே முதல் வர்த்திக்கு நீளமானதாகப் பார்த்து வாங்கு. ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்று, காற்று பட்டால் ஒரு பக்கமாக உருகி வழிந்து பாதியில் தீர்ந்துபோகும். இலையை ஞாயிறுக்கு ஞாயிறு மாற்று. காய்ந்த இலையில் தீப்பொறி பட்டால் வீட்டுக்காரரிடம் நீதான் பதில் சொல்லவேண்டும்.

பாவசங்கீர்த்தனத்துக்கு 11ஆம் தேதி உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் எழுது. செல்போனில் எழுதாதே, அது எங்கெங்கே போய்ச் சேருமோ. கனமான பாவமென்றால் என்ன வகை, ஏறக்குறைய எத்தனை தடவை, இந்த இரண்டும் போதும். கதை வேண்டாம். "அவர் அப்படிச் சொன்னதால்தான் நான்..." என்று ஆரம்பித்தால் அடுத்தவர் பாவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். முடித்ததும் காகிதத்தைக் கிழித்துப் போடு. ஃபாதர் கொடுத்த பரிகாரத்தைக் கோவிலை விட்டு வெளியே வரும் முன்பே செய்துவிடு, அப்புறம் என்று வைத்தால் மறந்துபோகும்.

அதற்கும் முன்னால் சித்தப்பா. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று ஆண்டவர் சொன்னதை மனப்பாடமாகவே சொல்வாய். பிறகு ஏன் தள்ளிப்போடுகிறாய்? வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, போன் போடு. அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று தொடங்கினால் அதே சண்டை மறுபடி வரும். "சித்தப்பா, உடம்பு எப்படி இருக்கு, நான் அன்னைக்குக் குரல் உயர்த்தினது தப்பு" என்று உன் பங்கை மட்டும் சொல்லி நிறுத்து. அவர் தன் பங்கைச் சொல்கிறாரா என்று காத்திருக்காதே. போனை எடுக்காவிட்டால் இரண்டு நாள் விட்டு மறுபடி கூப்பிடு.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் மாதிரி நமக்குக் கட்டாய நோன்பு இப்போது கிடையாது. உன்னோடு தங்கியிருக்கிற மலையாளத்துப் பிள்ளை டிசம்பர் 1லிருந்து 25 நாள் நோன்பு பிடித்து மீன், இறைச்சி விடுவான். அது அவர்கள் சபை வழக்கம். அவனுக்குத் துணையாக நீயும் விட்டால் நல்லதுதான், கோழி மிச்சமான காசையும் எடுத்துவை. ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்றாலும் 26 நாளில் 520 ஆகும். அதை 18ஆம் தேதி வாக்கிலேயே யாருக்காவது கொடு. 25ஆம் தேதி எல்லோரும் கொடுப்பார்கள். வாட்ச்மேன் வீட்டில் அரிசி தீர்வது அதற்கு முந்தின வாரம்.

17லிருந்து 23 வரை திருச்சபை மாலை ஜெபத்தில் ஆண்டவரை நாளுக்கொரு பெயர் சொல்லி அழைக்கிறது: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதிக்கும் விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இலத்தீனில் இந்த ஏழு பெயரின் முதல் எழுத்தையும் கடைசியிலிருந்து படித்தால் "நாளை வருவேன்" என்று பொருள் வரும். விடியலே என்று கூப்பிடுவது 21ஆம் தேதி, வருஷத்திலேயே பகல் மிகக் குறைந்த நாட்களை ஒட்டி. நோட்டுப் புள்ளிகளைப் பார்த்து மனம் சோர்ந்திருந்தால் அந்த வாரம் இந்தப் பெயர்களை மட்டும் சொன்னால் போதும். இங்கே அதற்குள் மார்கழி பிறந்திருக்கும். விடிவதற்கு முன்னே பக்கத்துத் தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்துவிடுவார்கள், கோவில் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்ளும். நம் வீட்டில்தான் அலாரத்தை அமர்த்திவிட்டுப் புரண்டு படுக்கிறோம்.

குடில் நீ வந்துதான் கட்டவேண்டும், அப்பாவுக்கு முட்டி வலி. வைக்கோல் சொல்லி வைத்துவிட்டேன். குழந்தை சொரூபம் 24 ராத்திரி வரை அலமாரியிலேயே இருக்கும். பஸ் டிக்கெட் 23க்கே போட்டுவிடு, 24ஆம் தேதி பஸ்ஸில் உட்கார்ந்து வர இடம் கிடைக்காது. ரோஜா நிற மெழுகுவர்த்தி அங்கே கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல். இல்லையென்றால் கீழவெளி வீதிப் பக்கம் போகும்போது வாங்கி, பொடி டப்பாவோடு பார்சலில் வைக்கிறேன்.

இப்படிக்கு
அம்மா