கொடுவாவும் உன் ஸ்னூக்கும்

யாழ்ப்பாணம்

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தை மூன்று நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். புளோரிடாவில், டம்பா பாலத்தடியில் நீ பிடித்த ஸ்னூக் மீனை முதலில் நம்மூர்க் கொடுவா என்றே நினைத்துவிட்டேன். அதே நீண்ட கீழ்த்தாடை, அதே சரிந்த நெற்றி. உடம்பின் பக்கவாட்டில் வால்வரை ஓடும் கறுப்புக் கோடுதான் வேற்றாளாகக் காட்டிக்கொடுத்தது. இரண்டையும் முன்பு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள் என்று நீ எழுதியது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

பங்குனியில் வரும்போது என்னென்ன தூண்டில் சாமான் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் பட்டியலில் பதினேழு செயற்கை இரைகள் இருக்கின்றன. நூலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கவலை.

சென்ற வைகாசியில் பண்ணைப் பாலத்தடியில் நின்றேன். பொழுது சாய்ந்து, நீர் வற்றத் தொடங்கியிருந்தது. தூணுக்குப் பக்கத்தில் 'டொப்' என்று ஒரு சத்தம். தடி வளைந்தது. மீன் ஒருதரம் எழும்பித் தலையை உதறியது, பிறகு கை வெறுமையாகிவிட்டது. நூல் நுனியை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். அறுந்த இடத்துக்கு மேலே நாலு விரற்கடை தூரம் நூல் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் வருடினால் பிசிறு பிசிறாகத் தட்டியது. கொடுவாவுக்கும் ஸ்னூக்குக்கும் கடித்துத் துண்டிக்கிற பல் இல்லை. வாய் அரம்போல் தேய்க்கும், செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல் அறுக்கும். மெல்லிய தங்கூசியை, அந்த நைலோன் நூலை, நம்பிப் போன என் பிழை அது. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

ஆகவே முதலில் நூலை வாங்கு. றீலில் 20 அல்லது 30 இறாத்தல் பின்னல் நூல் போதும். அதன் முன்னால் முன்நூலாக, தேய்ப்பைத் தாங்கும் 40 இறாத்தல் புளோரோகார்பன் நூல் இரண்டு முழம் கட்ட வேண்டும். சிப்பி அப்பிய தூண்களுக்குப் பக்கத்தில் என்றால் 50. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அந்த முன்நூலை விரலால் தடவிப் பார். சொரசொரப்பு இருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டு. தடி ஏழடி, நடு உறுதியாகவும் நுனி மட்டும் வளைவதாகவும் இருக்கட்டும். 4000 அளவு றீல் தாராளம். தூணுக்குள் ஓடவிட்டால் மீன் போய்விடும், முதல் இழுப்பிலேயே திருப்ப வேண்டும்.

இனி இரை. பதினேழில் மூன்றை மட்டும் எடுத்து வை. வால் ஆடும் வெள்ளை ரப்பர் மீன், நாலு அங்குலம். ஒரு ரப்பர் இறால். விடியற்காலைக்கு நீர்மட்டத்தில் இடம் வலமாக அசைந்து வரும் மிதவை இரை ஒன்று. ரப்பர் மீனுக்கான ஈயத் தலைகளை, அதாவது ஈயம் வார்த்த தூண்டில் முள்களை, மட்டும் பல எடைகளில் கொண்டு வா. நம்முடைய பரவைக்கடலில் பல இடங்களில் முழங்கால் தண்ணீர்தான், பாரமான தலை சேற்றில் புதைந்துவிடும். பாலத்தடியில் ஓட்டம் இழுக்கும்போது இலேசான தலை அடிக்கே போகாது. நிறத்தைவிட இந்த எடைதான் மீனைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு மீனும் தூண் மறைவில், கண்டல் வேரடியில், நீரோட்டத்தை எதிர்நோக்கிப் பதுங்கி நிற்பவை. ஓட்டத்தோடு வரும் இறாலும் சூடை மீனும் வாயருகே வந்தால்தான் எழும்பும். எனவே ஓட்டத்துக்கு மேலே எறிந்து, நூலைத் தொய்யவிடாமல், இரையைத் தண்ணீரே கொண்டுவர விடு. ஓட்டத்துக்கு எதிராக நீந்தி வரும் மடவைக்குஞ்சை எந்தக் கொடுவா நம்பும்?

உங்கள் பக்கத்துக் கரையில் 28 அங்குலத்துக்குக் குறைந்த ஸ்னூக்கையும் 33க்கு மேற்பட்டதையும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்ற விதியைப் படித்து மகிழ்ந்தேன். ஸ்னூக்கும் கொடுவாவும் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுபவை. பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். 2010 ஜனவரிக் குளிரில் அங்கே அவ்வளவு ஸ்னூக் செத்து மிதந்ததற்குப் பிறகு அந்த விதியின் அருமை உனக்குத் தெரியும். இங்கே சந்தையில் பெரிய கொடுவாவுக்குத்தான் மதிப்பு. ஆனாலும் நாம் இருவரும் பிடிக்கும் பெரியவற்றை விட்டுவிடுவோம். அதற்காகவே தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டி நிற்கும் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கி வை. கழற்றும்போது வாய் கிழியாது.

பங்குனி நல்ல மாதம். வாடைக் காற்று ஓய்ந்திருக்கும், சோளகக் காற்று தொடங்கியிராது, தண்ணீர் தெளிந்து கிடக்கும். நமக்கு வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் ஓட்டம் வலுக்கும் நாள்களை விடக்கூடாது. டிக்கெட் எடுக்குமுன் கலண்டரில் ஓட்டம் வலுக்கும் பூரணையைப் பார்த்து, அதற்கு முன்பின் மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் நிற்கிற மாதிரித் திகதி போடு. போட்டதும் எனக்கு எழுது, வேலைத்தலத்தில் விடுப்புக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி