அசதி நாட்களில் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சென்னையில் துணை நிற்கும் தன்னார்வலர்கள் நாங்கள். முடி கொட்டினால் நாலு பேர் விசாரிப்பார்கள், வாந்தி என்றால் ஆள் ஓடி வரும். அசதி கண்ணுக்குத் தெரியாது. தூங்கி எழுந்தாலும் தீராத அந்த அசதியைப் புரிந்துகொண்டு, கேட்காமலே வேலையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர்களுக்கு இந்த மடல். ‘நல்லா ரெஸ்ட் எடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம் உண்டு. நன்றி மற்றவர்களுக்குத்தான்.

முதலில், சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் மாட்டிய கணவர்மாருக்கும் பிள்ளைகளுக்கும். ‘எப்படி இருக்கு?’ என்றால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். நீங்கள் தினமும் மாலை ஒரே நேரத்தில் ‘இன்னிக்கு அசதி பத்துக்கு எத்தனை?’ என்று கேட்டு, தேதிக் கட்டத்தில் எண்ணை எழுதினீர்கள். 3 வரை லேசு, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7-ம் அதற்கு மேலும் கடுமை. இரண்டு மூன்று கீமோவுக்குள் ஒரு ஒழுங்கு பிடிபட்டுவிடும். 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றும் சிவப்பு மருந்தில் (டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்து), முதல் இரண்டு நாள் பலர் தெம்பாகவே தெரிவார்கள். வாந்தி வராமலிருக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையின் தயவு அது. மாத்திரை நின்றதும் எண் மளமளவென்று ஏறும். ‘ஊசி போட்டு நாலு நாளாச்சே, இன்னுமா படுத்திருக்கா?’ என்று யாராவது கேட்பதும் சரியாக அன்றைக்குத்தான். அந்த நாட்களைப் பார்த்து லீவு போட்டவர்களும், ஊரிலிருந்து அக்காவை வரவழைத்தவர்களும் காலண்டரை ஒழுங்காகப் படித்தவர்கள். அடுத்த கீமோ நெருங்கியும் எண் இறங்காதபோது அந்தத் தாளையே கழற்றி மருத்துவரிடம் நீட்டியவர்களுக்கு இன்னொரு கும்பிடு. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை, மனச்சோர்வு, இரவில் உடம்பு கொதித்துத் தூக்கம் கெடுவது என்று தேடிப் பார்த்தால் சரிசெய்யக்கூடிய காரணம் பல நேரம் அகப்படும். சிவப்பு மருந்தும், சில வகை மார்பகப் புற்றுக்குப் போடும் டிராஸ்டுசுமாப் ஊசியும் இதயத்தைத் தளர்த்தக்கூடியவை என்பதால், படியேறும்போது மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அசதி என்று ஒதுக்காமல் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்ன மருத்துவர்களுக்கும் நன்றி.

அக்கம்பக்கத்துப் பெண்களே, உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நாலடுக்கு கேரியரில் விருந்து அனுப்பாமல், கைக்கடக்கமான டப்பாவில் தயிர்சாதம், ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல், ஒரு டம்ளர் கஞ்சி என்று பிரித்து அனுப்பினீர்கள். ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிட முடியாதவருக்கு ஆறு வேளை சின்னச் சின்னதாகச் சாப்பிடுவதே தோது. தாளிப்பு வாடைக்கே குமட்டும் நாளில் உங்கள் அடுப்பில் தாளித்து எடுத்து வந்தீர்கள். வெள்ளையணுக்கள் குறைந்து தொற்று எளிதில் பிடிக்கும் என்று தெரிந்து, நேற்று மிஞ்சியதைத் தராமல் அன்று சமைத்ததையே தந்தீர்கள். இட்லி மாவை உங்கள் கிரைண்டரிலேயே அரைத்துக் கொடுத்தது சின்ன உதவி இல்லை. கல்லைத் தூக்குவது, குண்டானைக் கழுவுவது, மாவை வழிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாள் தெம்பைக் குடித்துவிடும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை வேறு. அறுவை முடிந்த முதல் வாரங்களில் அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது.

அரிவாள்மணையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பலகையும் கத்தியும் வாங்கி வந்த மருமகளுக்கு ஒரு தனி வரி. காய் நறுக்கும் வேலையை விடத் தரையிலிருந்து எழுந்திருப்பதுதான் ஆளைக் களைப்பாக்குகிறது என்று அவர் கண்டுபிடித்தார். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் போட்டார். உட்கார்ந்து, கொதிக்காத வெதுவெதுப்பான நீரில் குளித்தால் குளித்து முடித்ததும் படுக்கத் தோன்றுவது குறையும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைக்குக் குளிக்க வேண்டாம், முந்தின நாள் போதும் என்றதும் அவர்தான்.

ரத்தம் எடுக்குமிடத்துச் செவிலியருக்கு வெளியூர்க்காரர்கள் சார்பில் நன்றி. விடிகாலை பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களிடம், ‘அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வெறும் வயிறு தேவையில்லை, சர்க்கரைக்கோ கொழுப்புக்கோ வரச்சொன்னால் மட்டும் சாப்பிடாமல் வாங்க’ என்று சொன்னீர்கள். டெக்ஸாமெத்தசோனை ராத்திரி போடாமல் காலைச் சாப்பாட்டோடு போடச் சொன்னதும் நீங்கள்தான், அதில் பலருக்குத் தூக்கம் திரும்பியது. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திராமல் உடனே வரவேண்டும் என்று எண்ணை எழுதியே கொடுத்தனுப்பினீர்கள்.

இயன்முறை மருத்துவர்களுக்கு வசவும் கிடைத்தது. நடக்கவே முடியாதவரை நட என்கிறார்களே என்று வீட்டார் கோபித்தார்கள். ஆனால் படுத்தே இருந்தால் தசை இளைக்கும், இளைத்த தசைக்குச் சிறு வேலையும் பெருவேலையாகும், அசதி கூடும். நீங்கள் ஆரம்பித்தது வீட்டுக்குள்ளேயே 5 நிமிட நடை, நல்ல நாளில் இரண்டு வேளை பத்துப் பத்து நிமிடம். வாரத்துக்குச் சில நிமிடங்கள் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்பது இலக்கு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பிறகு, சுவரோரம் அணைத்துப் போட்ட நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, ஐந்து முறையில் தொடங்கி. தெம்பாக இருக்கும் நாளில் பரணையெல்லாம் சுத்தம் செய்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடும் பழக்கத்தை நீங்கள் கண்டித்ததும் நியாயமே. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தாலோ நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித் தந்தவர்களுக்கும் இதே நன்றி.

கரண்ட் வைக்கும் (கதிர்வீச்சு சிகிச்சை தரும்) அறையில் பணிபுரிவோர் நேரத்தை நிலையாக ஒதுக்கித் தந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரமோ ஐந்து வாரமோ தினம் வந்து போவதில் பயணமே பாதி அசதி. கீமோ போல் ஏறி இறங்காமல் இது நாளுக்கு நாள் சேரும், கடைசி வாரத்திலும் முடிந்த பிறகு ஓரிரு வாரங்களும் உச்சத்தில் நிற்கும் என்று முன்கூட்டியே சொன்னதால், ‘முடிஞ்ச பிறகு ஏன் மோசமாகுது, நோய் திரும்பிடுச்சோ’ என்ற பயம் வரவில்லை.

கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். நாற்காலி போட்டாலும் உட்காரவிடாத கடைகள் உண்டு. சிகிச்சையிலிருந்த ஊழியரை உட்காரவிட்டு, மூன்றாம் மாடிச் சேலைப் பிரிவிலிருந்து தரைத்தளத்துப் பில் கவுண்டருக்கும் மாற்றிக் கொடுத்த மேற்பார்வையாளருக்கு நன்றி.

பகலில் அரை மணிக்கு மேல் தூங்கவிடாமல் மூன்று மணிக்குள் எழுப்பிவிட்ட பேரப்பிள்ளைகளுக்கும் நன்றி, அவர்களுக்கு அது விளையாட்டு.

தூக்க மாத்திரையும் ‘ரத்தம் ஊறும்’ டானிக்கும் சீட்டில்லாமல் கேட்டபோது தர மறுத்த மருந்துக்கடைக்காரருக்கும், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள் என்று உறையிலேயே எழுதிக் கொடுத்த அவர் கடைப் பையனுக்கும் நன்றி. சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆனபின்னும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும், அசதி போகாமல் இருப்பதுண்டு. நோய் திரும்பாமலிருக்கப் போடும் தமாக்ஸிஃபென், லெட்ரோசோல் மாத்திரைகளாலும் அது நீளலாம். அலுத்துப்போய் மாத்திரையைத் தானாக நிறுத்தப் பார்த்தவர்களைத் திட்டி, மருத்துவரிடம் கூட்டிக்கொண்டுபோன தோழிகளே, நீங்கள் இன்னும் செவ்வாய்க்கிழமை மாவு அரைத்துக் கொடுக்கிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நன்றியுடன்,
தன்னார்வலர்கள், சென்னை