தீ எச்சரிக்கை மணிக்கான கேபிள்: 18ஆம் தேதி கூட்டம்

செந்தூல் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம். தீ எச்சரிக்கை அமைப்பின் பழைய கேபிள்களை மாற்றுவது குறித்து முடிவெடுக்க, 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குத் தரைத்தளக் கூடத்தில் கூடுகிறோம்.

1. தீயைப் பரவவிடாத கேபிள் வேறு, தீக்குள்ளும் செயல்படும் கேபிள் வேறு. எல்லா மாடியினரும் வெளியேறும்வரை மணி ஒலிக்க வேண்டுமானால், 950 பாகை செல்சியஸ் தீயில் 3 மணி நேரம் தாங்குவதோடு, தீயுடன் நீர், தீயுடன் தட்டல் ஆகிய சோதனைகளிலும் தேறிய, பிஎஸ் 6387 (தீ தாங்கும் கேபிள்களுக்கான பிரிட்டிஷ் தரநிலை) சிடபிள்யூஇசட் தரக் கேபிளே நமக்குத் தேவை. விலை கூடுதல்தான், ஆயினும் இதில் சிக்கனம் கூடாது என்பது நிர்வாகக் குழுவின் உறுதியான கருத்து.
2. சாதாரண பிவிசி உறை எரிந்தால் நச்சுப்புகை படிக்கட்டை நிரப்பும் என்பதால், புகை குறைந்த, ஹாலஜன் (குளோரின் போன்ற தனிமங்கள்) அற்ற உறையையே கேட்போம்.
3. வருகையை வெள்ளிக்கிழமைக்குள் வீட்டு எண்ணுடன் இப்புலனக் குழுவில் தெரிவிக்கவும்.